மணலும் வானொலியும்



திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. வகுப்பறைக்குள் வந்த புதுக் கருவிகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று அழைப்பு வந்தபோது, அந்த நாளிலிருந்தே தொடங்கலாம் என்று எண்ணினேன். ஆயினும், அதற்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே நம்முடைய திண்ணையிலிருந்து ஒரு கருவி கடல் கடந்து சென்றிருக்கிறது. அதை விட்டுவிட்டு வானொலியைப் பேசுவது முறையாகாது. அக்கருவி வேறொன்றுமன்று, மணல்தான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதலில் ஏட்டைத் தொடுவதில்லை. தரையில் மணலைப் பரப்பி, விரலால் அகரத்தை எழுதுவார்கள். பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் ஒரு தடவு. மணல் மீண்டும் வெறுமையாகிவிடும். எழுத்தாணியால் ஓலையில் கீறிய பிழையோ அழியாது. கை பழகிய பிறகே ஓலை என்று வைத்த உபாத்தியாயர் கஞ்சத்தனத்தால் அப்படிச் செய்யவில்லை. பிழை செய்ய அஞ்சாத பிள்ளையே விரைந்து கற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். சற்று முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாகி இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-இல் இந்தியாவுக்கு வந்தார். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கென அமைந்த இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் வழியிலே ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யப் பணித்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் இசையவில்லை. தெரிந்த முறையை விட்டுத் தெரியாத முறைக்குப் போக யாருக்குத்தான் மனம் வரும்? (நானும் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் இசைந்திருப்பேனா என்பது ஐயமே.) பெல் அவர்களோடு வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்களால் ஆகாது என்றிருந்ததை அந்தச் சிறுவன் செய்து காட்டினான்.

பெல் 1796-இல் தாய்நாடு திரும்பி, மறு ஆண்டே தம் சோதனையைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அவருடைய ஊராகிய செயின்ட் ஆண்ட்ரூஸில் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்ற பெயருடன் ஒரு பள்ளி இன்றும் நடைபெறுகிறது. 1832-இல் மறைந்த பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கல்லறை கிடைத்தது. மணலைக் காட்டிய திண்ணை உபாத்தியாயரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

இதில் இன்னொன்றையும் நான் மறைக்கலாகாது. அங்கே சென்ற மணலும் சட்டாம்பிள்ளையும், நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியரின் கீழ் அடைத்துச் செலவைக் குறைக்கும் வழியாகவே பெரிதும் பயன்பட்டன. கருவி கப்பலேறியது; அதைக் கையாண்ட உபாத்தியாயரின் பொறுமை கப்பலேறவில்லை.

இனி வானொலிக்கு வருகிறேன். மணலுக்கு நேர்மாறான கருவி அது. அழிக்க முடியாது, நிறுத்தவும் முடியாது, பின்வரிசைப் பையனுக்குப் புரியவில்லை என்றால் காத்திருக்காது. மணலின் பொறுமையை அதற்குக் கொடுக்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர். ஒலிபரப்புக்கு முன் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, முடிந்தபின் உரையாடவேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள். நான் எழுதி வைத்துக்கொண்டேன், தேர்விலும் எழுதினேன், வகுப்பறையில் மறந்தேன்.

1986-ஆம் ஆண்டு. ஸ்ரீரங்கத்தை அடுத்த ஒரு பள்ளியில் நான் இளம் ஆசிரியன். காவிரிப் பாசனம் பற்றிய பள்ளி ஒலிபரப்பு என்று வானொலிப் பெட்டியைத் திருப்பி மேசைமேல் வைத்துவிட்டு, விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். முடிந்தபோது பாதி வகுப்பு உறங்கிக் கொண்டிருந்தது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிவதைக் கேட்டேன். ஆற்றுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் விழித்தார்கள்! சினம் கொண்டு ஏசினேன்.

அப்பொழுது ஒரு பையன் எழுந்து, “ஐயா, வெளியே வரைந்து காட்டட்டுமா?” என்றான். முற்றத்தில் கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த ஆற்றுமணலைப் பரப்பி, ஒரு கோடு இழுத்தான். அதை இரண்டாகப் பிரித்தான். வடபால் கொள்ளிடம், தென்பால் காவிரி, நடுவே ஸ்ரீரங்கம். கல்லணை அருகே இரண்டும் மீண்டும் நெருங்கவேண்டும் என்று இன்னொருவன் அவன் கோட்டை அழித்துத் திருத்தினான். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை எங்கே என்று நான் கேட்டபோது நாலைந்து விரல்கள் ஒரே இடத்தில் குத்தின. உறங்கியவர்கள் என்று நான் எண்ணிய பிள்ளைகள் வானொலியைக் கேட்டுத்தான் இருந்தார்கள்! கேட்டதை வைக்க ஓர் இடம் அவர்களுக்கு இல்லை. அதை நான் அமைத்துக் கொடுக்கவில்லை. அன்றுதான் எனக்குப் பெல்லின் ஆசிரியர்கள் நினைவுக்கு வந்தார்கள். அதன்பின் ஒலிபரப்பு நாட்களில் கரும்பலகையில் வரைபடம் எழுதி, மூன்று வினாக்களை முன்கூட்டிக் கொடுத்துவிட்டே பெட்டியைத் திருப்பினேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, 2018-இல், தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சாகி வந்தன. கைப்பேசியைக் காட்டினால் பாடம் படமாக விரியும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட 2020-இல் அதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. இவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நீங்கள் என்னைவிட நன்கறிவீர்கள்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த 2018-இல் ஓர் இளம் ஆசிரியை அறிவியல் வகுப்பில் குறியீட்டுப் படம் ஒன்றைத் திரையிட்டார். நான் கடைசி விசிப்பலகையில் அமர்ந்திருந்தேன். மூன்றாம் நிமிடத்தில் ஒரு மாணவி, “டீச்சர், இதயம் இடப்பக்கம்தானே? இங்கே நடுவில் இருக்கிறதே?” என்றாள். ஆசிரியை படத்தை நிறுத்தினார். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் மார்பில் கைவைத்துத் துடிப்பைத் தேடத் தொடங்கினர். வாதம் வளர்ந்தது, மணியும் அடித்தது. மீதிப் படம் ஓடவேயில்லை.

“பாடம் முடியவில்லை ஐயா, மன்னிக்க வேண்டும்” என்று அவர் தயங்கியபடி பாடக்குறிப்பேட்டை நீட்டினார். முழுமையாக நடந்தது என்றெழுதிக் கையொப்பமிட்டேன்.