ஒன்றரை!

மாசக்கணக்கில் உழைத்து ஒரு பொருளைத் தயாரிக்கிறீர்கள். முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. வாங்குவதற்கு ஜனங்களும் தயார். அப்போது, 'இது தேறாது, தூக்கிப் போடு!' என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்?

1997ல், ஜப்பானின் கேப்காம் நிறுவனத்துக்கு இதே தலைவலி.

அதற்கு முந்தைய வருடம்தான் அவர்களுடைய 'ரெஸிடென்ட் ஈவில்' வீடியோ கேம் வெளியாகியிருந்தது. காட்டுக்குள் ஒரு பெரிய பங்களா. உள்ளே ஜாம்பிகள், அதாவது நடமாடும் பிணங்கள். கையில் இருப்பதோ கொஞ்சூண்டு தோட்டா. சுடுவதா, ஓடுவதா? இந்தத் தவிப்புதான் விளையாட்டே. பிய்த்துக்கொண்டு விற்றது!

விடுவார்களா? உடனே இரண்டாம் பாகம். முதல் பாகத்தை இயக்கிய ஷின்ஜி மிகாமி இப்போது தயாரிப்பாளர். இயக்குநர், ஹிடெகி கமியா. இருபதுகளில் இருந்த இளைஞர், இதுதான் அவர் இயக்கும் முதல் கேம்.

அறுபது, எண்பது சதவிகிதம் வேலை முடிந்த நிலையில் போட்டுப் பார்த்தார்கள். சப்பென்று இருந்தது. கதை நடக்கும் போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்தால் பயமே வரவில்லை. ஏதோ நவீன ஆபீஸ் மாதிரி இருந்தது.

போட்ட பணம் போட்டதுதான். 'இவ்வளவு செலவழித்துவிட்டோமே' என்று மேலும் செலவழித்தால் நஷ்டம்தான் கூடும். வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம், ஆனால் செய்வதற்குத் துணிச்சல் வேண்டும். கேப்காம் துணிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

டிவி தொடர்களுக்குக் கதை எழுதிய நொபோரு சுகிமுரா உள்ளே வந்தார். புதுக்கதை, முதல் பாகத்தோடு ஒழுங்காக முடிச்சுப் போட்டுக்கொண்டது. எல்ஸா வாக்கர் என்கிற மோட்டார் பைக் வீராங்கனை அவுட். முதல் பாக நாயகன் கிறிஸ்ஸின் தங்கை கிளேர் உள்ளே. போலீஸ் ஸ்டேஷன், பழைய மியூசியக் கட்டடமாக மாறியது. இப்போது பயம் தானாக வந்தது.

1998 ஜனவரியில் வெளியான அந்த இரண்டாம் பாகம், பிளேஸ்டேஷனில் மட்டும் கிட்டத்தட்ட 50 லட்சம் விற்றது.

சரி, தூக்கிப்போட்ட பழசு என்ன ஆச்சு? ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால் '1.5' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் வருடக்கணக்கில் தேடினார்கள். 2013ல் அதன் அரைகுறை வடிவம் ஒன்று இணையத்தில் கசிந்தது. பாதியில் நின்றுபோன அந்த போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஆசை ஆசையாக நடந்து பார்த்தார்கள்.

2019ல் இரண்டாம் பாகத்தைப் புதிதாகச் செய்து வெளியிட்டபோது, அதன் விசேஷப் பதிப்பில் கிளேருக்கு மாட்டிப் பார்க்க எல்ஸாவின் உடையையும் சேர்த்துக் கொடுத்தது கேப்காம்.

பின்னே? புதைத்தது எழுந்து வரும் என்பது ஜாம்பி கதை எழுதுகிறவர்களுக்குத் தெரியாதா என்ன!