சிவப்பு உறையும் சிவப்புப் பதாகையும்

சீன மருத்துவமனைகளில் நோயாளியின் குடும்பம் மருத்துவருக்குத் தருபவற்றுள் இரண்டு பெயர்பெற்றவை. ஒன்று ‘ஹொங்பாவ்’ என்னும் சிவப்பு உறை. உள்ளே பணம் இருக்கும். மற்றது ‘ஜின்ச்சி’ என்னும் சிவப்பு வெல்வெட் பதாகை. அதில் பொன்னிற எழுத்தில் நன்றி வாசகம் இருக்கும். நிறம் ஒன்றுதான், குணம் வேறு.

முதல் வேற்றுமை, கொடுக்கும் நேரம். உறை பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே கைமாறும். அதைக் கொடுக்க வைப்பது நன்றியல்ல, அச்சம். எல்லோரும் கொடுக்கும்போது நாம் மட்டும் கொடுக்காவிட்டால் கவனிப்பு குறைந்துவிடுமோ என்ற கவலை. மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தனி உறை வைப்பவர்களும் உண்டு. பதாகையோ உடம்பு தேறிய பிறகு வருவது. கொடுப்பவருக்கு அந்த மருத்துவரிடம் இனி ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை.

அடுத்தது, கொடுக்கும் இடம். உறையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் மட்டுமே அறிவார்கள். பதாகையைக் குடும்பத்தோடு கொண்டுவந்து, மருத்துவரோடு சேர்ந்து பிடித்துப் படம் எடுத்து, சுவரில் மாட்டுகிறார்கள். மருத்துவமனையின் ஒரு பிரிவுக்கென வரும் பதாகையில் செவிலியர்களுக்கும் பங்கு உண்டு. உறையில் இருப்பது ஒருவர் பைக்குள் போய்விடும்.

உறைப் பழக்கம் வேரூன்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மருத்துவரின் உழைப்புக்கு அரசு வைத்த கட்டணம் நெடுங்காலம் மிகக் குறைவாக இருந்தது. வாங்க மறுத்தால் குடும்பம் இன்னும் பயந்துவிடும் என்பதால், அப்போதைக்கு வாங்கிக்கொண்டு, பிறகு நோயாளியின் மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டிவிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். 2014 மே 1 முதல், இரண்டாம் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகளில் உள்நோயாளியாகச் சேர்பவர்களோடு ‘உறை தருவதில்லை, பெறுவதில்லை’ என்று ஒப்பந்தம் போட வேண்டும் என்று அரசே விதித்தது.

பதாகைக்கும் குறை உண்டு. கடையில் வாங்கும்போது வாசகமும் வழக்கமானதாகவே அமைந்துவிடும். சுவர் நிறைந்த பின் ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியாது. யார், என்ன செய்தார் என்ற விவரம் இல்லாத புகழ் சீக்கிரம் மங்கிவிடும்.

இந்த இரண்டையும்விடப் பழைய மரபு ஒன்று சீனத்திலேயே இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தோங் ஃபெங் என்ற மருத்துவர் கட்டணம் வாங்கவில்லையாம். கடும் நோய் தீர்ந்தவர் ஐந்து ஆப்ரிகாட் மரம், சிறு நோய் தீர்ந்தவர் ஒரு மரம் நட வேண்டும். தோப்பில் விளைந்த பழத்தைத் தானியமாக மாற்றி ஏழைகளுக்குக் கொடுத்தார் என்கிறது அந்தக் கதை. அங்கே நன்றி குணமான பின் வந்தது, ஊர் பார்க்க நின்றது, அடுத்தவர் பசியையும் தீர்த்தது.

ஆகவே விலையைப் பார்த்துப் பரிசை எடைபோட வேண்டாம். சிகிச்சை முடிந்த பிறகு, நாலு பேர் அறியக் கொடுங்கள். இரவெல்லாம் பார்த்துக்கொண்ட செவிலியரின் பெயரையும் அவர் செய்ததையும் ஒரு தாளில் எழுதி, அவரிடம் ஒன்றும் நிர்வாகத்திடம் ஒரு நகலும் கொடுங்கள். பணம் வைத்த உறையை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.