இடுப்பில் செருகிய இரும்பு

வீட்டுக் கூரையை விட்டு நீங்கி, வெட்டவெளியில் சில இரவுகளைக் கழிக்கப் புறப்படும் மனிதன், எந்த வெட்டுக்கருவியை மூட்டையில் கட்டுவது, எதை வீட்டு இறவாணத்திலேயே விட்டுச் செல்வது என்று ஒரு கணம் நின்று யோசிக்கிறானே, அந்த யோசனை மனித குலத்தின் மிகப் புராதனமான யோசனைகளுள் ஒன்று. விடுமுறை நாட்களில் மலைக்கும் காட்டுக்கும் சென்று கூடாரம் அடிக்கும் இன்றைய இளைஞர்களுக்கு அது உல்லாசப் பிரயாணத்தின் ஓர் அங்கம். ஜீவனத்தின் பொருட்டே வருஷத்தில் பல மாதங்களை வயல் ஓரத்திலும் தோப்பின் நடுவிலும் கழிப்பவர்களுக்கோ அது அன்றைய சோற்றையும் மறுநாள் கூலியையும் நிர்ணயிக்கும் காரியம். அப்படிப்பட்டவர்களின் கையில் இருந்த இரும்பைப் பின்தொடர்ந்து சென்றால் ஒரு பிரதேசத்தின் சரித்திரமே தெரியவரும் என்பதற்கு, முண்டியம்பாக்கமும் அதன் சுற்றுவட்டாரமும் தக்க சாட்சி.

விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையே, சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் அருகருகே ஓடும் இடத்தில் அமைந்த இந்த ஊரை, இக்காலத்தவர் அரசு மருத்துவக் கல்லூரியாலும் சர்க்கரை ஆலையாலும் அறிவார்கள். 1993 வரை தென்னார்க்காடு ஜில்லாவாக இருந்த இந்த நிலப்பரப்பின் வடபகுதி, சங்க காலத்தில் ஓய்மாநாடு என்று பெயர் பெற்றிருந்தது. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியே. யாழைத் தோளில் சுமந்து, சுற்றத்தோடு வழி நடந்து, ஊர் ஊராகத் தங்கிச் சென்ற பாணர்களைப் பற்றிய அந்த நூல் பிறந்த மண்ணில், பிற்காலத்தில் அரிவாளைச் சுமந்து தோப்புக்குத் தோப்பும் வயலுக்கு வயலும் பெயர்ந்து சென்ற உழைப்பாளிகள் தோன்றியது, வழிநடைக்கு இந்த மண்ணோடு உள்ள பழைய உறவை நினைவூட்டுகிறது.

கரும்பு இங்கே கோலோச்சுவதற்கு நெடுங்காலம் முன்பு பனை கோலோச்சியது. முண்டியம்பாக்கத்துக்கு அடுத்துள்ள பனையபுரத்தில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குப் பனங்காட்டீசுவரர் என்று திருநாமம். ஸ்தல விருட்சம் பனை. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியபோது இதன் பெயர் புறவார் பனங்காட்டூர். ஊரின் பெயரிலும், தெய்வத்தின் பெயரிலும், கோயிலின் விருட்சத்திலுமாக மூன்று இடங்களில் பனை தன்னைப் பதித்துக்கொண்டிருக்குமானால், இந்தப் பிரதேசம் ஒரு காலத்தில் எப்படிப்பட்ட பனங்காடாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இன்றும் விக்கிரவாண்டி வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் நிற்கும் பனைகள் அந்தக் காட்டின் மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பனையேறி சுமந்த இரும்பு எவ்வளவு நுட்பமானது என்பதை, அவன் இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களே அறிவார்கள். அதில் இரண்டு அரிவாள்கள் இருக்கும். ஒன்று, காய்ந்த மட்டையையும் ஓலையையும் கழிப்பதற்கு. கனமும் உறுதியும் அதன் குணங்கள். மற்றொன்று, பாளை சீவுவதற்கு. இலை போல மெலிந்த அலகு கொண்ட அதை வேறு எந்தக் காரியத்துக்கும் அவன் தொடமாட்டான். பாளையின் நுனியைச் சீவும்போது ஒவ்வொரு தடவையும் அகற்றவேண்டியது மிக மெல்லிய ஓர் ஏடு மாத்திரமே. அலகு மழுங்கியிருந்தால் பாளை நசுங்கும். நசுங்கிய பாளையில் சாறு கட்டிப்போகும். அதைப் பக்குவப்படுத்த அவன் பட்ட பல நாள் பாடு ஒரு நொடியில் வீணாகும். ஆகையால் சாணைக்கல்லைக் காட்டிலும் மென்மையான ஓர் உபாயத்தை அவன் கைக்கொண்டான். மரப்பலகையின் மேல் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, அதன்மேல் அரிவாளை முன்னும் பின்னுமாக இழுத்து, கட்டைவிரலால் கூரைத் தடவிப் பார்த்து, மனம் நிறைந்த பிறகே மரத்தில் கால் வைப்பான்.

அந்தப் பலகையின் ஓசை விடியற்காலையில் தோப்பில் கேட்கும். பிறகு உள்ளே சுண்ணாம்பு பூசிய கலயம், பாளையை இடுக்கிப் பதப்படுத்தும் கடிப்பு, மேற்சொன்ன இரண்டு அரிவாள்கள் ஆகியவற்றோடு ஒரு நாளைக்கு 30, 40 மரங்கள் ஏறி இறங்குபவன், தேவைக்கு மேல் ஒரு பலம் இரும்பையும் சுமக்க இசையமாட்டான். இரண்டில் ஒன்றை விட்டுச் செல்லவும் துணியமாட்டான். தெற்கத்திச் சீமையில் பருவ காலத்தில் குடும்பத்தோடு தோப்புக்கே பெயர்ந்து, விடிலி என்னும் குடிசையில் தங்கிக் கருப்புக்கட்டி காய்ச்சியவர்களும் இதே நியதியைத்தான் பின்பற்றினார்கள். கருவிகளைத் தேர்ந்தெடுப்பதில் அளவறிதல் என்பதை, நூல் எதுவும் படியாமலே அவர்களுக்கு மரம் கற்பித்தது.

காலம் மாறிற்று. 1937இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதிலும் பரவியது. ஏழைக் குடும்பங்களைக் காக்கும் உயர்ந்த நோக்கத்தோடு வந்த சட்டம் அது. ஆயினும் கள்ளை மாத்திரமன்றி மரத்தையே நம்பியிருந்த தொழில், அதன்பின் பழைய செழிப்பை மீண்டும் அடையவில்லை. பாளை அரிவாளை இறவாணத்தில் செருகிவைத்த கைகளுக்கு வேறு வேலை வேண்டியிருந்தது. அந்த வேலையைக் கரும்பு அளித்தது.

கரும்பு தமிழகத்துக்குப் புதியதன்று. அதியமானின் முன்னோர் அதை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்ற செய்தியை ஔவையார் புறநானூற்றில் பதிந்துவைத்திருக்கிறார்; பெரும்பாணாற்றுப்படையிலே கரும்பாலைகளின் காட்சி உண்டு. என்றாலும், ஊரார் தம் வயலில் விளைந்ததைத் தாமே வெட்டி, தாமே பிழிந்து, வெல்லமாகக் காய்ச்சிய வரையில், வெட்டுவதற்கென்று தனியே ஒரு கூட்டம் ஊர்விட்டு ஊர் செல்லவேண்டிய அவசியம் பெரிதாக இருக்கவில்லை. 1842இல் இதே தென்னார்க்காட்டின் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரைத் தொழில் வேரூன்றியது. 1912இல் கோயம்புத்தூரில் ஏற்பட்ட கரும்பு இனவிருத்தி நிலையம், தடித்த கரும்போடு நாணலை இணைத்து, 1918இல் கோ 205 என்னும் கலப்பினத்தை வெளியிட்டது. இவற்றின் தொடர்ச்சியாகப் பெருகிய ஆலைகள் இரவும் பகலும் ஓயாமல் கரும்பை விழுங்கலாயின. வெட்டிய கரும்பில் சர்க்கரைச் சத்து மணிக்கு மணி குறையும். ஒரு நாளுக்குள் அரவைக்குப் போய்ச் சேர்வது உத்தமம். ஆலை விதித்த இந்த அவசரமே, மேஸ்திரியிடம் முன்பணம் பெற்று, பெண்டு பிள்ளைகளோடு வயலுக்கு வயல் பெயர்ந்து தங்கும் வெட்டாட்களின் கூட்டத்தை உண்டாக்கிற்று.

முண்டியம்பாக்கம் ஆலைக்கு வெளியே கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் பருவத்தில், உள்நாட்டு வயல்களின் ஓரமாக நடந்து சென்றால் அவர்களது குடில்களைக் காணலாம். கொம்புகளை நட்டு, மேலே கரும்புச் சோகையைப் பரப்பி, ஆள் குனிந்து நுழையும் உயரத்துக்கு அமைத்த அந்தக் குடில்களுக்கு முன்னால், பனி விலகாத வேளையில், ஒவ்வொருவரும் குத்திட்டு உட்கார்ந்து, கத்தியின் பிடியைக் கால் பெருவிரல்களுக்கிடையே இடுக்கி, அரத்தால் ஒரே திசையில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு குறைவு; பத்து அரங்களின் சீறல் மாத்திரம் கேட்கும். மூட்டையைப் பிரித்தால் உள்ளே இருக்கும் இரும்பு சொற்பமே: கரும்புக்கென்று ஒரு வெட்டுக்கத்தி, அடுப்புக்குச் சுள்ளி கழிக்கவும் குடிலுக்குக் கொம்பு வெட்டவும் ஒரு கொடுவாள், குழம்புக்குக் காய் நறுக்க ஓர் அரிவாள்மனை, எல்லாவற்றையும் தீட்ட ஓர் அரம்.

கரும்புக் கத்தி அகன்ற அலகும் குட்டையான பிடியும் கொண்டிருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. கரும்பின் அடிக்கணுக்களிலேயே இனிப்பு மிகுதி. ஆகவே வெட்டு தரையை ஒட்டி விழவேண்டும். ஒரு சாண் உயரத்தில் வெட்டினால் எடையும் நஷ்டம், சர்க்கரையும் நஷ்டம். அன்றியும் அடிக்கட்டையிலிருந்து தழைக்கவேண்டிய மறுதாம்பும் நலிவுறும். எனவே இடுப்பை முறித்து வளைந்து, இடக்கையால் கரும்பைப் பற்றி, வலக்கையால் மண்ணை உரசினாற்போல ஒரே வீச்சில் அறுத்து, நிமிரும்போதே கொழுந்தாடையைக் கழித்து, சோகையைச் சீவிக் கிடத்தவேண்டும். அந்தக் கொழுந்தாடையையே முறுக்கிக் கயிறாக்கிக் கட்டுக் கட்டுவார்கள். ஒருவர் நாள் முழுவதும் இப்படி உழைத்தால் சுமார் 1 டன் கரும்பு சாயும். அலகு கனமாக இருந்தால் நண்பகலுக்குள் தோள் சோர்ந்துபோகும். இலேசாக இருந்தால் ஒரு வெட்டுக்குப் பதில் இரண்டு வெட்டு விழும். ஆகவே தன் கைக்குப் பழகிய கத்தியை எவரும் பிறருக்கு இரவல் கொடுக்க விரும்புவதில்லை.

இந்தக் கத்திகளின் பூர்விகத்தைத் தேடிச் சென்றால் கொல்லன் உலைக்களத்தில் போய் நிற்போம். மலையடிவாரங்களில் சிற்றுலைகளில் உருக்கிய நாட்டிரும்பு முற்காலத்தில் இந்த ஜில்லாவின் கொழுவுக்கும் அரிவாளுக்கும் பயன்பட்டது. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர், இதே தென்னார்க்காட்டின் பரங்கிப்பேட்டையில், மரக்கரியைக் கொண்டு இரும்பு உருக்கும் பெரிய தொழிற்சாலையை நிறுவினார், அது நீடிக்கவில்லை. சீமை இரும்பு வந்தது. நாட்டு உலைகள் அவிந்தன. பிற்காலத்தில் கிராமத்துக் கொல்லர், பழுதுபட்ட லாரியின் வில்பட்டையிலே தமக்கு வேண்டிய எஃகைக் கண்டுகொண்டார். பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்து பழகிய அந்தப் பட்டையைத் துண்டித்து, காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, அலகின் வாய்ப்பகுதியை மாத்திரம் தண்ணீரில் தோய்த்து எடுப்பதிலேதான் தொழிலின் இரகசியம் அடங்கியிருக்கிறது. தோய்ச்சல் மிகுந்தால் கூர் பொடிந்துவிடும், குறைந்தால் மடங்கிவிடும். செம்மை தணிந்து நிறம் மாறிவரும் அந்தச் சில விநாடிகளைக் கண்ணால் அளக்கும் கொல்லரின் ஞானம் மதித்துப் போற்றுதற்குரியது.

இரும்போடு கடல் கடந்தவர்களையும் இங்கே நினைக்கவேண்டும். 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாக அதில் சென்றவர்களுக்கும், அவர்களுக்குப் பின் சென்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கும் காத்திருந்தது கரும்புக் காடு. மொரீஷியஸிலும் ஃபிஜியிலும் அவ்வாறே. ஃபிஜியின் கரும்புத் தோட்டத்தில் துயருற்ற நம் பெண்களுக்காகப் பாரதியார் உருகிப் பாடியதைத் தமிழர் மறவார். அந்நிய தேசத்துத் தோட்டங்களில் அவர்கள் கையில் ஏறிய கத்தி அவர்கள் தேர்ந்ததன்று, முதலாளி கொடுத்தது. தன் கருவியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை உழைப்பாளிக்கு எவ்வளவு பெரிய கௌரவம் என்பதை, அந்த உரிமையை இழந்தவர்களின் சரித்திரம் கண்ணீரோடு சொல்கிறது.

உல்லாசத்துக்காக வனம் புகுவோர் அறியவேண்டிய ஒரு விஷயமும் உண்டு. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகுகளைக் கட்டுப்பாட்டுக்குரிய ஆயுதங்களாகக் கணக்கிட்டபோதும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உரியவற்றை விலக்கி வைத்திருக்கின்றன. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதைத் தடுக்கிறது. கருவியைக் கருவியாகவே காப்பது அதை ஏந்துபவனின் நோக்கமே என்ற நம் பழைய அறிவை இந்தச் சட்டங்கள் வேறு மொழியில் கூறுகின்றன.

இப்போது வெட்டு இயந்திரங்கள் வயலில் இறங்கத் தொடங்கிவிட்டன. முதுகு வளைந்து உழைத்தவர்களுக்கு ஓய்வும் மேலான ஜீவனமும் கிட்டுமானால் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. ஆனால் அவர்கள் சேர்த்துவைத்த அறிவு அவர்களோடு மறைந்துவிடலாகாது. காட்டுக்குப் புறப்படும் இளைஞன் ஒருவன் என்னிடம் யோசனை கேட்டால், கடையில் மின்னும் கத்திகளைப் பார்ப்பதற்கு முன்பு, தான் தங்கப்போகும் இடத்தில் வெட்டவேண்டியது என்ன என்பதை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். பச்சை மரத்தில் கை வைக்காமல், உதிர்ந்த சுள்ளி கழிக்க ஒரு கொடுவாள், காய்க்கும் கயிற்றுக்கும் ஒரு சிறு கத்தி, இரண்டையும் தீட்ட ஓர் அரம் போதும்.

ஆயுத பூஜையன்று முண்டியம்பாக்கத்தைச் சுற்றிய வீடுகளில் கருவிகளைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு வைக்கிறார்கள். சில வீடுகளின் அந்த வரிசையில், கரும்புக் கத்திக்குப் பக்கத்தில், பாட்டனாரின் பாளை அரிவாளும் இருக்கும். பல வருஷங்களாக மரம் ஏறாத அந்த அலகில் துரு இராது. வருஷத்துக்கு ஒரு முறையேனும் யாரோ ஒருவர் அதை எடுத்து, எண்ணெய் தடவித் துடைத்து வைக்கிறார்.