சாவிக்கு முன்: சென்னை மறுகுடியமர்வும் மக்கள் நலமும்

நலம் தரும் குடியிருப்பு என்றதும் பூங்கா, நடைபாதை, காற்றோட்டம், மருத்துவமனை ஆகியவையே திட்ட அறிக்கைகளில் இடம்பெறுகின்றன. அவை வேண்டியவையே. ஆனால் சென்னையின் தெற்கே கடந்த கால் நூற்றாண்டில் எழுந்த மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் ஆராய்ந்தால், என்னென்ன கட்டப்பட்டன என்பதற்கு இணையாக, எவை குடிவந்தோருக்கு முன்பே அங்கிருந்தன என்பதும் அவர்கள் உடல்நலத்தைத் தீர்மானிப்பது விளங்கும். திட்டமிடலின் உயிர்நாடி வரிசைமுறையே என்பது என் வாதம்.

கண்ணகி நகரில் 2000ஆம் ஆண்டு முதல் 15,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குகளாக ஏறத்தாழ 20,000 வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்தோர் பெருமளவில் இங்குதான் அனுப்பப்பட்டனர். வீட்டுக்கு நால்வர் என்று கொண்டாலும் பெரும்பாக்கத்தில் மட்டும் 80,000 பேர். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் 50,000 பேருக்கு ஒன்று. அங்கன்வாடி 400 முதல் 800 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். அதன்படி குறைந்தது 100 அங்கன்வாடிகள் தேவை. இந்த அளவுகோல்கள் மெல்ல வளரும் ஊருக்கானவை: மக்கள் வருவார்கள், கணக்கெடுக்கப்படுவார்கள், பிறகு பணியிடம் ஒப்புதலாகும். லாரிகளில் தெருத் தெருவாக மக்கள் வந்திறங்கும் இடத்தில் அந்த நடைமுறை முதல் நாளிலேயே பின்தங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் தடுப்பூசி தவறுகிறது, கர்ப்பிணியின் பதிவு பழைய முகவரியிலேயே கிடக்கிறது, சர்க்கரை நோயாளியின் மாத மாத்திரை நின்றுபோகிறது.

ஆற்றங்கரை வாழ்க்கையை நான் உயர்த்திப் பேசவில்லை. சாக்கடை, வெள்ளம், தீ விபத்து எல்லாம் அங்கு உண்டு. கான்கிரீட் கூரையும் வீட்டுக்குள் கழிப்பறையும் பெரும்பேறுதான். ஆயினும் வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டி அப்புறப்படுத்தியவர்களைப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் குடியேற்றியதை எந்த நலவாதமும் நியாயப்படுத்த முடியாது.

வேலைக்கும் வீட்டுக்குமான தொலைவை நலத்தின் அளவாகக் கொள்ள நம் திட்ட அறிக்கைகள் தயங்குகின்றன. நகரின் நடுவே நாலைந்து வீடுகளில் வேலை பார்த்த பெண், இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வர விடியுமுன் கிளம்ப வேண்டும். 2021இல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அவர் செலவைக் குறைத்தது, நேரத்தைக் குறைக்கவில்லை. அவர் எப்போது சாப்பிடுகிறார், எத்தனை மணி நேரம் தூங்குகிறார், பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்பவை மருத்துவக் கேள்விகளே. பழைய குப்பத்தில் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். அவசரத்துக்குக் கைமாற்றும் கிடைத்தது. இரவில் வலி கண்டால் ஆட்டோக்காரத் தம்பி ஓடிவந்தார். குலுக்கலில் வீடு ஒதுக்கும்போது இந்த உறவுகள் வெவ்வேறு பிளாக்குகளுக்குச் சிதறுகின்றன. லிஃப்ட் நின்ற நாளில் ஏழாவது மாடி முதியவருக்கு மருந்து வாங்கிவர அறிமுகமான கை இல்லை. அரசு செலவழித்துக் கட்ட முடியாத ஒரு நலக் கட்டமைப்பை ஒரு குலுக்கல் கலைத்துவிடுகிறது.

இருந்த இடத்திலேயே வீடு கட்டித் தரலாமே என்றால், நகருக்குள் நிலம் இல்லை என்பது வழக்கமான மறுப்பு. 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியமே தன் தொடக்க ஆண்டுகளில் மக்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டித் தந்தது. மெரினாவை ஒட்டிய நொச்சி நகர் இன்றும் கடலைவிட்டு அகலவில்லை. ஆகவே அது முயன்று பார்க்காத வழியன்று. பின்னாளில் பெரிதும் கைவிடப்பட்ட வழி.

இடமாற்றம் தவிர்க்கவே முடியாத நிலையில், அதைக் கல்வியாண்டு முடிந்த கோடை விடுமுறையில் நடத்த வேண்டும். ஒரு தெருவார் ஒரே பிளாக்கில் குடியேற வேண்டும். கட்டட நிறைவுச் சான்றைப் போல நலச் சான்று ஒன்றையும் சட்டப்படி கட்டாயமாக்கலாம்: செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் பணியில் சேர்ந்துவிட்டார்கள், ரேஷன் கடை திறந்திருக்கிறது, காலை ஐந்து மணிப் பேருந்து ஓடுகிறது என்று மாவட்ட ஆட்சியர் கையெழுத்திடும் வரை வாரியம் ஒரு குடும்பத்துக்கும் சாவி தரக் கூடாது.