புரூக்ளின் டாட்ஜர்ஸ்: 1947 சீசன்

அமெரிக்காவின் தேசிய லீக்கைச் சேர்ந்த புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி 1947 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆடிய சீசன் இது. அணி 94 ஆட்டங்களில் வென்று, 60-இல் தோற்று, லீக் பட்டத்தைப் பிடித்தது. இரு பெரிய லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸிடம் 4-3 என்ற கணக்கில் தோற்றது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய லீக்குகளில் கறுப்பின வீரர்களுக்கு அடைபட்டிருந்த கதவை ஜாக்கி ராபின்சன் இந்தச் சீசனில்தான் திறந்தார். அவர் முதலில் களமிறங்கிய ஏப்ரல் 15-ஐ ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள், அது நியாயம்தான். ஆனால் அன்றைக்கு எதுவும் முடிவாகிவிடவில்லை. அதற்குப் பின் வந்த ஐந்தரை மாதங்களில், ஊர் ஊராக, ஆட்டம் ஆட்டமாகத்தான் அந்த வழக்கு தீர்ந்தது.

1884-இல் டோலிடோ அணிக்கு ஆடிய மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கருக்குப் பிறகு எந்தக் கறுப்பினத்தவரும் பெரிய லீக்கில் ஆடியதில்லை. தடைச் சட்டம் என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. அணி முதலாளிகளுக்குள் ஓர் இணக்கம், அவ்வளவுதான். கறுப்பின வீரர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகள் நடத்தி ஆடிவந்தார்கள். டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அந்த லீக்குகளுக்கு ஆளனுப்பி வீரர்களைத் தேடினார். கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த ராபின்சனை 1945 ஆகஸ்ட் 28 அன்று புரூக்ளின் அலுவலகத்துக்கு வரவழைத்தார். களத்தில் என்னென்ன வசவு வரும் என்று தானே பேசிக் காட்டி, பதிலுக்குக் கை ஓங்காமல் தாங்க முடியுமா என்று கேட்டார். ராபின்சன் சாதுவான ஆள் அல்ல. ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்தபோது, பேருந்தில் பின் இருக்கைக்குப் போகச் சொன்னதை மறுத்து, 1944-இல் ராணுவ நீதிமன்ற விசாரணையைச் சந்தித்து விடுதலையானவர். அப்படிப்பட்டவர் வாயைக் கட்டிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார் என்பதை வைத்துத்தான் அந்தச் சம்மதத்தின் கனத்தை அளக்க வேண்டும். 1946-இல் டாட்ஜர்ஸின் கிளை அணியான மான்ட்ரியல் ராயல்ஸுக்கு ஆடி, .349 என்ற அடிச் சராசரியோடு ஆண்டை முடித்தார்.

ரிக்கியை அறத்தின் வடிவமாக மட்டும் காட்டும் எழுத்துகள் நிறைய உண்டு. நல்ல ஆட்டக்காரர்களைப் பிறர் தொடாத இடத்தில் தேடும் வியாபாரக் கூர்மையும் அவரிடம் இருந்தது. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்ததில் முரண் எதுவும் இல்லை.

1947-க்கான பயிற்சி முகாமை ரிக்கி ஃப்ளோரிடாவில் வைக்கவில்லை. அங்கே நிறவெறிச் சட்டங்கள் இருந்ததால் கியூபாவின் ஹவானாவுக்குக் கொண்டுபோனார். அணி பனாமாவில் ஆடச் சென்றிருந்தபோது, ராபின்சனோடு ஆட மாட்டோம் என்று சில வீரர்கள் கையெழுத்து திரட்டுவது வெளியே வந்தது. அவர்களில் பெரும்பாலோர் தென் மாநிலத்துக்காரர்கள். மேலாளர் லியோ டுரோச்சர் நடு இரவில் எல்லோரையும் எழுப்பிச் சமையலறையில் கூட்டி, இவர் ஆடப்போவது உறுதி, பிடிக்காதவர் வேறு அணி பார்த்துக்கொள்ளலாம் என்று கொச்சையான மொழியிலேயே சொல்லிவிட்டார். கென்டக்கியைச் சேர்ந்த ஷார்ட்ஸ்டாப் பீ வீ ரீஸ் அந்தத் தாளில் கையெழுத்திட மறுத்திருந்தார். மனு அத்தோடு செத்தது.

சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது டுரோச்சரே இல்லாமல் போனார். சூதாட்டக்காரர்களோடு பழகுகிறார் என்ற புகாரின் பின்னணியில், பேஸ்பால் ஆணையர் ஹேப்பி சாண்ட்லர் ஏப்ரல் 9 அன்று அவரை ஓராண்டுக்கு விலக்கினார். மறுநாள் ராபின்சனை டாட்ஜர்ஸ் அணியில் சேர்த்த அறிவிப்பு வந்தது. முதல் இரண்டு ஆட்டங்களைப் பயிற்றுநர் கிளைட் சுக்ஃபோர்த் நடத்தினார். அதன்பின் பர்ட் ஷாட்டன் வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். சீருடை அணியாமல் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருப்பார், அதனால் களத்துக்குள் கால்வைக்க முடியாது. எதற்கும் பதறாத இந்த மனிதர்தான் அந்தப் பதற்றமான அணியைக் கரைசேர்த்தார். அவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 15 அன்று எபெட்ஸ் ஃபீல்டில் பாஸ்டன் பிரேவ்ஸுக்கு எதிராக, 42-ஆம் எண் சட்டையோடு, முதல் பேஸில் ராபின்சன் நின்றார். அடித்து ஒரு பேஸும் எடுக்கவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் அவர் தட்டிவிட்ட பந்தை எதிரணி தவறாக எறிந்ததால் பேஸை எட்டி, பிறகு அணியை முன்னிலைக்குக் கொண்டுபோன ரன்னை எடுத்தார். டாட்ஜர்ஸ் 5-3 என்று வென்றது.

ஒரு வாரம் கழித்து ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணி புரூக்ளினுக்கு வந்தது. அதன் மேலாளர் பென் சாப்மன் தன் ஆட்களோடு சேர்ந்து, ராபின்சன் மட்டை பிடிக்க வந்தபோதெல்லாம் இனத்தைச் சொல்லி வசைமாரி பொழிந்தார். மட்டையை எறிந்துவிட்டுப் போய் அவர்களில் ஒருவரை அடித்துவிடலாமா என்று தோன்றியதாக ராபின்சன் பின்னாளில் எழுதினார். அடிக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பேஸ் அடித்து ஏறினார். பிட்சர் பந்தெறியும் நேரம் பார்த்து இரண்டாவது பேஸுக்கு ஓடினார்; பேஸ் திருடுவது என்பது இதுதான். அவரைத் தடுக்க கேட்சர் எறிந்த பந்து தவறிப்போக மூன்றாவது பேஸுக்குப் போனார். ஜீன் ஹெர்மான்ஸ்கி அடித்த அடியில், வீடு எனப்படும் தொடக்க இடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த ஆட்டத்தின் ஒரே ரன் அது: 1-0. தொடர் நீள நீள வசையும் நீண்டபோது, அலபாமாவில் குடியிருந்த இரண்டாவது பேஸ்காரர் எடி ஸ்டாங்கி எதிரணியைப் பார்த்து, திருப்பித் தாக்க முடியாதவனை விட்டுவிட்டு முடிந்தவனிடம் வாருங்கள் என்று கத்தினார். அணியை ஒன்றாக்கியதில் தன்னைவிட சாப்மனுக்குத்தான் பங்கு அதிகம் என்று ரிக்கி சொல்வதுண்டு.

மே மாதம் செயின்ட் லூயி கார்டினல்ஸ் வீரர்கள் ராபின்சனை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யத் திட்டமிடுவதாக நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூனில் ஸ்டான்லி உட்வர்ட் எழுதினார். ஆட மறுப்பவர்களைத் தள்ளிவைக்க லீக் தலைவர் ஃபோர்ட் ஃப்ரிக் தயாராக இருந்தார். நிறுத்தம் நடக்கவில்லை. அந்தத் திட்டம் எவ்வளவு தூரம் முற்றியிருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள். சின்சினாட்டியில் கூட்டம் கூச்சலிட்டபோது ரீஸ் போய் ராபின்சன் தோளில் கைபோட்டு நின்றார் என்ற புகழ்பெற்ற கதையும் அப்படித்தான். அந்த நாளின் பத்திரிகைகளில் அதற்குச் சான்று இல்லை. ராபின்சனே அதை 1948-இல் பாஸ்டனில் நடந்ததாகச் சொல்லியிருக்கிறார். கோனி தீவில் சிலை வைத்துப் போற்றப்படும் அந்தக் கணத்தின் தேதி எதுவானாலும், இருவரின் நட்பு மெய்.

இதற்கிடையே ஆட்டம் நடந்தது. பல நூல்களில் அது பின்னுக்குப் போய்விடுகிறது. இருபத்தொரு வயது ரால்ஃப் பிராங்கா 21 ஆட்டங்களை வென்றார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் இறங்கி வெற்றியைக் காப்பது ஹியூ கேசியின் வேலை. ராபின்சனை எதிர்த்தவர்களில் முன்னணியில் பேசப்பட்ட டிக்ஸி வாக்கர் .306 சராசரி வைத்திருந்தார்; அவர் அடித்த அடிகளில் ராபின்சன் ஓடி எடுத்த ரன்களும் உண்டு. ஜூன் 4 அன்று பீட் ரைசர் பந்தைத் துரத்திப்போய் எல்லைச் சுவரில் தலை மோதி விழுந்தார். இறக்கும் தறுவாயில் இருப்பவருக்குச் செய்யும் சடங்கைப் பாதிரியார் வந்து செய்யும் அளவுக்கு நிலைமை போனது. பிழைத்தார், மறுபடியும் ஆடினார். ஆகஸ்ட் 26 அன்று டான் பேங்க்ஹெட், பெரிய லீக்கின் முதல் கறுப்பின பிட்சராக இறங்கினார். மட்டை பிடித்த முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார். பந்துவீச்சில் மட்டும் வெளுத்து வாங்கப்பட்டார்.

ராபின்சன் நின்ற இடத்தின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். முதல் பேஸ்காரர் ஒரு காலைப் பேஸில் ஊன்றி, கையை நீட்டிப் பந்தை வாங்குவார். ஓடிவரும் ஆட்டக்காரரின் காலணியில் இரும்பு முட்கள் இருக்கும். ஆகஸ்ட் 20 அன்று கார்டினல்ஸின் ஈனஸ் ஸ்லாட்டர் பேஸை விட்டு ராபின்சன் காலிலேயே மிதித்தார். வேண்டுமென்று செய்யவில்லை என்றார் ஸ்லாட்டர். டாட்ஜர்ஸில் நம்பியவர்கள் குறைவு. ராபின்சனுக்கு முதல் பேஸ் பழக்கமில்லாத இடம். மோனார்க்ஸில் ஷார்ட்ஸ்டாப்பாகவும் மான்ட்ரியலில் இரண்டாவது பேஸிலும் ஆடிய மனிதர், வசவுக்கு நடுவே புது வேலையும் கற்றுக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் தொடர்ந்து இருபது முறை அடியில்லாமல் தவித்த அவர், ஜூன் 14 முதல் ஜூலை 4 வரை இருபத்தொரு ஆட்டங்களில் ஒன்றில்கூட அடிக்காமல் திரும்பவில்லை. மொத்தம் 151 ஆட்டங்கள், சராசரி .297, 12 ஹோம் ரன், 125 ரன். பேஸ் திருடுவதில் 29 முறை வென்று லீக்கில் முதலிடம். மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட்டாகிச் சக வீரரை முன்னேற்றும் தியாக பண்ட்டிலும் அவரே முதல், 28 முறை. இரண்டு லீக்குகளுக்கும் சேர்த்து ஒருவருக்கே தரப்பட்ட, அந்த ஆண்டுதான் தொடங்கிய சிறந்த புதுமுக விருதைப் பெற்றார். புரூக்ளினின் சொந்த மைதானத்துக்கு வந்தவர்கள் 18 லட்சத்தைத் தாண்டினர்; லீக்கில் அதுவரை எந்த அணிக்கும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. கறுப்பின ஆட்டக்காரர் வந்தால் பார்வையாளர் வரமாட்டார்கள் என்ற வாதம் டிக்கெட் சாளரத்திலேயே முடிந்துபோனது. செப்டம்பர் 22 அன்று பட்டம் உறுதியானது; சீசன் முடிவில் கார்டினல்ஸ் ஐந்து ஆட்ட இடைவெளியில் பின்தங்கியிருந்தது.

முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான உலகத் தொடர் அந்த ஆண்டுடையது. அதில் அக்டோபர் 3 அன்று எபெட்ஸ் ஃபீல்டில் நடந்த நான்காவது ஆட்டத்துக்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. யாங்கீஸ் பிட்சர் பில் பெவன்ஸ் பந்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் பத்துப் பேரை இலவசமாகப் பேஸுக்கு அனுப்பினார். ஆனாலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் இருவர் அவுட்டான பிறகும் அவருடைய பந்தில் யாரும் ஓர் அடிகூட எடுத்திருக்கவில்லை. யாங்கீஸ் 2-1 முன்னிலை. இன்னும் ஓர் அவுட் கிடைத்தால், உலகத் தொடர் வரலாற்றில் அடியே கொடுக்காத முதல் பிட்சர். முதல் பேஸில் இருந்தவருக்குப் பதில் ஓட வந்த அல் ஜியான்ஃபிரிடோ இரண்டாவது பேஸைத் திருடினார். மட்டை பிடித்து நின்றவரோ கணுக்கால் அடிபட்ட ரைசர். யாங்கீஸ் மேலாளர் பக்கி ஹாரிஸ் அவரை வேண்டுமென்றே பேஸுக்கு விடச் சொன்னார்; வெற்றி ரன்னைப் பேஸில் ஏற்றிவிடும் இந்த முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஸ்டாங்கிக்குப் பதிலாக வந்த குக்கி லாவஜெட்டோ இரண்டாவது பந்தை வலப்பக்கச் சுவரில் அடித்தார். ஜியான்ஃபிரிடோவும், ரைசருக்காக ஓடிய எடி மிக்சிஸும் வீடு சேர்ந்தனர். 3-2. டாட்ஜர்ஸ் அந்த ஆட்டத்தில் அடித்த ஒரே அடி அது. அதே இன்னிங்ஸின் முதல் பாதியில் ஒரே ஒரு பந்து எறிந்து இருவரை அவுட்டாக்கிய கேசிக்கு வெற்றி எழுதப்பட்டது.

ஆறாவது ஆட்டத்தில் ஜோ டிமாஜியோ 415 அடிக் குறிக்கு அருகே அனுப்பிய பந்தை ஜியான்ஃபிரிடோ ஓடிப் பிடித்தார். டிமாஜியோ மண்ணை எத்திவிட்டுப் போனார். களத்தில் அவர் உணர்ச்சியைக் காட்டியது அபூர்வம். அக்டோபர் 6 அன்று ஏழாவது ஆட்டத்தை யாங்கீஸ் 5-2 என்று வென்றது. பெவன்ஸ், லாவஜெட்டோ, ஜியான்ஃபிரிடோ மூவரும் அந்தத் தொடருக்குப் பிறகு பெரிய லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

டிசம்பரில் டிக்ஸி வாக்கரை ரிக்கி பிட்ஸ்பர்க்குக்கு மாற்றினார். அடுத்த மார்ச்சில் ஸ்டாங்கி பாஸ்டனுக்குப் போக, ராபின்சன் தனக்குப் பழகிய இரண்டாவது பேஸுக்குத் திரும்பினார். 1947 ஜூலையிலேயே கிளீவ்லாந்து அணி லாரி டோபியைச் சேர்த்து, அமெரிக்க லீக்கிலும் தடையை உடைத்திருந்தது. மற்ற அணிகள் அவசரப்படவில்லை. தேசிய லீக்கில் கடைசியாக இணங்கியது ஃபிலடெல்ஃபியா, 1957-இல். இரு லீக்குகளின் பதினாறு அணிகளில் கடைசியாக பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஒரு கறுப்பின வீரரைக் களமிறக்கியது 1959 ஜூலையில். அப்போது ராபின்சன் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.