இரவல் பேட்டரிகளின் வரலாறு

1910களின் நடுவில் தொடங்கி 1924 வரை, கோடை பிறந்தால் அமெரிக்காவின் சில பெரிய மனிதர்கள் மூட்டை முடிச்சுகளோடு காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். தாமஸ் எடிசன், கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு, டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற முதியவர் ஜான் பர்ரோஸ். தங்கள் கூட்டத்துக்கு ‘நாடோடிகள்’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். நாடோடிகளின் பின்னால் சமையல்காரர்கள், கூடார வண்டிகள், பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் என்று ஒரு படையே போகும். 1921இல் ஜனாதிபதி வாரன் ஹார்டிங்கும் வந்து ஓர் இரவு தங்கினார். இருட்டியதும் கூடாரங்களில் மின்விளக்கு எரிந்தது. மின்சாரம் வந்தது எடிசனின் சொந்தத் தயாரிப்பான பேட்டரிகளிலிருந்து.

அந்த நிக்கல்-இரும்பு பேட்டரியை எடிசன் முகாம்களுக்காகச் செய்யவில்லை. மின்சாரக் கார்களுக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டுச் செய்தார். முதலில் சந்தைக்கு வந்தவை ஒழுகின. அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சீர்செய்து, 1910 வாக்கில் நல்ல பேட்டரியாகக் கொண்டுவந்தார். அதற்குள் ஃபோர்டின் பெட்ரோல் கார் சாலையைப் பிடித்துவிட்டது. காருக்கென்று பிறந்த பேட்டரி, ரயில் விளக்குக்கும் சுரங்க விளக்குக்கும் காட்டு முகாமுக்கும் போய்ச் சேர்ந்தது.

வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றுபவர்களின் மின்சார வரலாறு இன்றுவரை இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. அவர்களுக்கென்று பெரும்பாலும் யாரும் பேட்டரி செய்யவில்லை. வேறு யாருக்கோ செய்ததை வாங்கி, அதை எப்படிச் சார்ஜ் செய்வது என்று திண்டாடி, ஒருவழியாகப் பழகிக்கொள்ளும்போது அடுத்த பேட்டரி வந்துவிடும்.

இந்தத் திண்டாட்டம் எதுவும் இல்லாதவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற இந்த ஸ்காட்லாந்துக்காரர், 1885இல் பிரிஸ்டல் நகர வண்டிப் பட்டறையில் ஒரு வீட்டுவண்டி செய்வித்து, குதிரைகளைப் பூட்டி, தென் இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து வடக்கே இன்வெர்னெஸ் வரை போனார். உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் அதுதான் என்பார்கள். விளக்குக்கும் அடுப்புக்கும் எண்ணெய்; எண்ணெய் தீர்ந்தால் அடுத்த ஊரில் கிடைக்கும். கணக்கு அவ்வளவுதான்.

ஸ்டேபிள்ஸ் கிளம்பும்போதே ஈய-அமில பேட்டரி இருந்தது. 1859இல் பிரான்ஸில் காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி அதைச் செய்துகாட்டினார். 1881இல் காமில் ஃபோர் தகட்டின்மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசி, தொழிற்சாலையில் தயாரிக்கத்தக்க பொருளாக மாற்றினார். ஆனால் பேட்டரியை ஒவ்வொரு வண்டியிலும் கொண்டுபோய் வைத்தது 1912ஆம் ஆண்டு கேடிலாக். அதில் சார்லஸ் கெட்டரிங் கைச்சுழற்றியை எடுத்துவிட்டு மின்மோட்டாரால் இன்ஜினைக் கிளப்பும் ஏற்பாட்டைப் பொருத்தினார். அந்த மோட்டாருக்கு ஒரு பேட்டரி வேண்டும். பேட்டரியை நிரப்ப இன்ஜினோடு ஓடும் டைனமோ வேண்டும். மூன்றும் சேர்ந்து எல்லாக் கார்களிலும் குடியேறின.

கார் பேட்டரிக்கு வேலை சில நொடிதான். நூறு, இருநூறு ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். உடனே டைனமோ அதை நிரப்பும். அவ்வளவு மின்னோட்டம் சட்டென்று வர, நிறைய மெல்லிய தகடுகளை நெருக்கமாக வைப்பார்கள். இப்படிப்பட்ட பேட்டரியை இரவு முழுக்க விளக்கெரியவிட்டுக் காலி செய்வது, நூறு மீட்டர் ஓட்டக்காரனை மூட்டை தூக்க அனுப்புவது போல. சில பத்துத் தடவை அடிவரை காலியானாலே தகட்டுப் பசை உதிர்ந்து அடியில் சேறாகப் படிந்துவிடும்.

இதை ஐரோப்பாவில் பலர் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டது ஃபோக்ஸ்வேகன் வேனில். 1950 மார்ச்சில் வோல்ஸ்பர்க்கில் உற்பத்தி தொடங்கிய அந்தச் சரக்கு வேனுக்குள், அடுத்த ஆண்டே வீடன்புரூக் ஊரின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ‘கேம்பிங் பாக்ஸ்’ என்ற மரச்சாமான் தொகுதியைப் பொருத்தி விற்றது. கட்டில், அலமாரி, மடக்கு மேசை எல்லாம் உண்டு. மின்சாரம் மட்டும் வண்டியின் 6 வோல்ட் பேட்டரிதான். ராத்திரி வெகுநேரம் ரேடியோ கேட்டுவிட்டு உள்விளக்கையும் மறந்தால், காலையில் தள்ளு ஸ்டார்ட். 6 வோல்ட்டே ஒரு தொல்லை: ஒரு 18 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் மூன்று வேண்டும். ஒயர் தடிமனாக வேண்டும், இணைப்பில் கொஞ்சம் துரு ஏறினாலும் விளக்கு மங்கும். ஃபோக்ஸ்வேகன் 12 வோல்ட்டுக்கு மாறியது 1960களின் பிற்பாதியில்.

தீர்வாக வந்தது இரண்டாவது பேட்டரி. ஓட்டுவதற்கு ஒன்று, வாழ்வதற்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு ரிலே: இன்ஜின் ஓடும்போது இரண்டையும் இணைக்கும், அணைத்ததும் பிரித்துவிடும். எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் அரை நாளில் போட்டுக்கொடுக்கக்கூடிய எளிய ஏற்பாடு. இதே காலத்தில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்ததும் உதவியது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோவிலிருந்து அநேகமாக எதுவும் வராது. ஆல்டர்னேட்டர் அப்போதும் கொஞ்சம் தரும்.

ஆனாலும் வண்டிவீட்டில் உண்மையான பாரத்தைப் பல காலம் சுமந்தது கேஸ் சிலிண்டர். அடுப்பும் கேஸ், விளக்கும் மேண்டில் போட்ட கேஸ் விளக்கு. ஃபிரிட்ஜ் கூட கேஸ்தான். 1922இல் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும், சூடுபடுத்தினால் குளிரும், ஒரு பாகமும் அசையாத ஃபிரிட்ஜ் ஒன்றை வடிவமைத்தார்கள். எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கிக்கொண்டது. கேரவன்களுக்கு அது வாய்ப்பாக அமைந்தது. பின்னாளில் அதே ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டிலும் ஓடும் என்று ஒரு சுவிட்ச் வைத்தார்கள். அந்த சுவிட்சை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம். சிறிய மாடல்கூட சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். வண்டி நிற்கும்போது அப்படியே விட்டால் 100 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரத்தில் செத்துக் கிடக்கும்.

இரண்டாவது பேட்டரியாக எதை வைப்பது? அமெரிக்கர்கள் விடையைக் கோல்ஃப் மைதானத்தில் கண்டுபிடித்தார்கள். 1925இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ட்ரோஜன் நிறுவனம், 1950களில் மின்சாரக் கோல்ஃப் வண்டிக்கென்று தடித்த தகடுகள் கொண்ட 6 வோல்ட் பேட்டரி செய்யத் தொடங்கியது. பகலெல்லாம் ஓடிக் காலியாகி, ராத்திரி ஷெட்டில் நின்று நிரம்புவது அதன் வாழ்க்கை. அதன் டி-105 மாடல் இரண்டைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட், 225 ஆம்பியர்-மணி. இரண்டும் சேர்ந்து எடை 56 கிலோ. பாதிக்குமேல் காலி செய்யாமல் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆக, பயன்படுவது சுமார் 1.35 கிலோவாட்-மணி மட்டுமே. மீதி ஈயம் பாரமாகக் கூடவே வரும்.

வீட்டு இன்வெர்ட்டருக்கு ட்யூபுலர் பேட்டரி வாங்கி, மாதம் தவறாமல் மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய தமிழ்நாட்டுக்காரருக்கு இந்த இனம் புதிதல்ல. வேறுபாடு ஒன்றுதான்: வீட்டில் கரண்ட் வந்தால் பல மணி நேரம் வரும், பேட்டரி நிதானமாக முழுதாக நிரம்பும். வண்டியில் அந்த நிதானம் கிடைக்காது.

ஈய பேட்டரியைக் கெடுப்பதே அந்த அவசரம்தான். காலியாகும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. புதிதாகப் படிந்தது சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டால் பெரிய படிகங்களாக இறுகி, பிறகு எந்தச் சார்ஜுக்கும் மசியாது. முழுதாக நிரப்பவும் பொறுமை வேண்டும். முதல் 80 சதவீதம் வேகமாக ஏறும். அதன்பின் 14.4 வோல்ட் அருகில் பிடித்துவைத்தால் மின்னோட்டம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும்; கடைசி 20 சதவீதத்துக்கு முதல் பகுதிக்கு ஆன நேரம்கூட ஆகலாம். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, அல்லது ஜெனரேட்டர் ஓட்டி, ‘சார்ஜ் ஆகிவிட்டது’ என்று நம்பியவர்கள் நாள்தோறும் 80 சதவீதத்தில் நிறுத்தி நிறுத்தியே பேட்டரியைக் கொன்றார்கள். பழியை மட்டும் பேட்டரிக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார்.

மூடிய வேனில் படுத்துத் தூங்குகிறவருக்கு இன்னொரு தொல்லை: திரவ பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியிடும். ஜெர்மனியின் சோனன்ஷைன் நிறுவனத்தில் ஓட்டோ யாஹே 1957இல் அமிலத்தைக் கூழாக்கி மூடிய பேட்டரி செய்தார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேட்ஸ் ரப்பர் நிறுவனம், அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாய்க்குள் உறிஞ்சவைத்தது, அதுதான் ஏஜிஎம். தொலைபேசி நிலையம், மருத்துவமனை, போர் விமானம் என்று சுற்றிவிட்டு இவை இரண்டும் வேன்களுக்கு வந்தன. தண்ணீர் ஊற்ற வேண்டாம், படுக்கைக்கு அடியிலேயே வைக்கலாம். ஆனால் கூழ் பேட்டரிக்குப் பழைய கேரேஜ் சார்ஜரைப் போட்டு வோல்ட்டேஜைக் கூட்டினால், உள்ளே குமிழிகள் நிரந்தரமாகத் தங்கி வெற்றிடமாகிவிடும். ‘ஜெல்’, ‘ஏஜிஎம்’, ‘வெட்’ என்று தேர்வு செய்யும் பொத்தான் சார்ஜர்களில் வந்தது இதனால்தான்.

இந்தச் சார்ஜ் பிரச்சினையைக் கூட்டமாகச் சேர்ந்து அனுபவித்த ஊர் ஒன்று உண்டு: அரிசோனா பாலைவனத்தின் க்வார்ட்ஸைட். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஊர். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் வண்டிவீடுகளோடு வந்து குவிவார்கள். 1983இல் அரசு நிலத்துறை, பக்கத்திலுள்ள பாலைநிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் செலுத்தித் தங்கலாம் என்று அனுமதித்தது. பெரும்பாலான இடத்தில் குழாயும் இல்லை, மின்கம்பமும் இல்லை. ஆரம்பத்தில் எங்கும் ஜெனரேட்டர் ஓசைதான். இரவு 10 முதல் காலை 6 வரை அதை ஓட்டக் கூடாது என்று விதி வந்தது. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றும் ஒரு பொருளுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. பெல் ஆய்வுக்கூடம் 1954இல் சுமார் 6 சதவீதத் திறனோடு வெளியிட்ட சிலிக்கான் சூரிய செல், முதலில் செயற்கைக்கோளுக்குப் போனது, பிறகு ஆளில்லா வானிலை நிலையங்களுக்கும் கடல் மிதவைகளுக்கும் போனது, கடைசியில் இந்த முதியவர்களின் வண்டிக் கூரைக்கு வந்தது. ஈய பேட்டரிக்கு அதன் வரலாற்றிலேயே கிடைத்த சிறந்த துணை சூரியத் தகடுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஜெனரேட்டர் விட்டுவைத்த கடைசி 20 சதவீதத்தை மத்தியான வெயில் பொறுமையாக நிரப்பியது.

அடுத்த பேட்டரியான லித்தியத்தின் கதையில் ஒரு தமிழர் இருக்கிறார். தென் தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஆக்ஸ்ஃபோர்டிலும் பின்னர் டெக்சாஸிலும் பேட்டரி ஆய்வாளர் ஜான் கூடெனஃபுடன் வேலை பார்த்தார். இரும்பு மலிவு, ஆனால் இரும்பு ஆக்சைடில் கிடைக்கும் மின்னழுத்தம் குறைவு. ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்பேட் போன்ற கூட்டு அயனியை வைத்தால் அதே இரும்பு 3 வோல்ட்டுக்கு மேல் தரும் என்று இருவரும் காட்டினார்கள். அந்த வழியில் தொடர்ந்து, 1990களின் நடுவில் கூடெனஃபின் ஆய்வுக்கூடத்தில் பாடி, நஞ்சுண்டசாமி என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை எட்டினார்கள். 2019இல் கூடெனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்.

வேன்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம். ஒரு பாஸ்பேட் செல்லின் மின்னழுத்தம் 3.2 வோல்ட், நான்கைச் சேர்த்தால் 12.8. ஆறு செல் ஈய பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது காட்டுவது 12.7. பல்பு, பம்ப், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எதையும் மாற்றாமல் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். மடிக்கணினி வகை லித்தியம் செல்லின் 3.6 வோல்ட்டை எத்தனை முறை பெருக்கினாலும் இவ்வளவு கச்சிதமாக வராது. சீனா இந்தச் செல்லைப் பேருந்துகளுக்காகப் பெருவாரியாகச் செய்தது. 2017 முடியும்போது ஷென்ஜென் நகரின் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளும் மின்சாரத்துக்கு மாறியிருந்தன. பேருந்துக்கும் மின்நிலையச் சேமிப்புக்கும் செய்த செல்கள் வழக்கம்போல வேனுக்குள் வந்தன. 280 ஆம்பியர்-மணி செல் நான்கின் எடை சுமார் 22 கிலோ, அதில் சுமார் 3.6 கிலோவாட்-மணி. அந்த 56 கிலோ கோல்ஃப் ஜோடியோடு ஒப்பிட்டால், பாதிக்கும் குறைந்த எடையில் இரண்டு மடங்குக்கும் மேலான பயன்.

பழைய ரிலேதான் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஈயம் நிரம்ப நிரம்ப இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கிட்டத்தட்ட நிரம்பும்வரை கொடுத்ததையெல்லாம் வாங்கும். வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிட்டுச் சார்ஜ் செய்தவர்களின் ஆல்டர்னேட்டர்கள் சூடேறிக் கருகின. ஐரோப்பாவில் யூரோ 6 புகைவிதி வந்தபின் நேர்மாறான சிக்கலும் சேர்ந்துகொண்டது: டீசல் மிச்சம்பிடிக்க ஆல்டர்னேட்டரே தன் வோல்ட்டேஜை அவ்வப்போது இறக்கிவிடும், இரண்டாவது பேட்டரி பட்டினி கிடக்கும். ரிலே இருந்த இடத்தில் இப்போது டிசி-டிசி சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே எந்த வோல்ட்டேஜ் வந்தாலும் அளந்து 30 ஆம்பியர் போல ஒரு குறிப்பிட்ட அளவு மட்டும் தரும். பனிக்காலத்தில் செல்லின் சூடு 0 டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜை அடைத்துவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் பாழாகும்.

இப்போது சோடியம்-அயனி செல்கள் வரத் தொடங்கியிருக்கின்றன, இவையும் சீனச் சிறுகார்களுக்கும் மின்சேமிப்பு நிலையங்களுக்கும் செய்தவை. குளிரில் சார்ஜ் ஏறும், லித்தியம் தேவையில்லை. ஆனால் நிரம்பியதற்கும் காலியானதற்கும் நடுவே அவற்றின் மின்னழுத்தம் மிக அகலமாக ஏறி இறங்கும். ஈயத்துக்கும் லித்தியத்துக்கும் பழகிய இன்றைய 12 வோல்ட் இன்வெர்ட்டர் பலவற்றால் அந்த அகலத்தைச் சமாளிக்க முடியாது. வேனுக்கு இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது செல்லின் விலையை அல்ல, கையிலிருக்கும் சார்ஜரும் இன்வெர்ட்டரும் எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை வேலை செய்யும் என்பதை.