நனைந்த தோட்டக்காரன் (1895 திரைப்படம்)

'லாரோசர் அரோசே' பிரான்சில் லூயி லூமியர் எடுத்த மௌனப்படம். நீர் பாய்ச்சியவனே நனைந்துபோன கதை என்பது தலைப்பின் பொருள். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் இப்படம் உலகின் முதல் நகைச்சுவைத் திரைப்படமாகக் கருதப்படுகிறது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் பெற்றுக் காட்டப்பட்ட பத்துப் படங்களில் இதுவும் ஒன்று.

கதை

தோட்டக்காரர் குழாயால் செடிகளுக்கு நீர் பாய்ச்சுகிறார். பின்னால் வரும் சிறுவன் குழாயை மிதிக்க, நீர் நின்றுவிடுகிறது. அவர் குழாயின் முனையை உற்றுப் பார்க்கும்போது சிறுவன் காலை எடுத்துவிடுகிறான். முகமெல்லாம் நனைந்தவர் அவனைத் துரத்திப் பிடித்து அடிக்கிறார். லூமியர் குடும்பத் தோட்டக்காரரான பிரான்சுவா கிளேர் இதில் நடித்தார்.

சிறப்புகள்

லூமியரின் அக்காலப் படங்களில் பல, ஆலையிலிருந்து தொழிலாளர் வெளியேறுவது போன்ற அன்றாட நிகழ்வுகளைப் பதிவு செய்தவை. இதிலோ தொடக்கமும் சிக்கலும் முடிவும் கொண்ட புனைகதை உண்டு. தோட்டக்காரருக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரியும். சிரிப்பு அங்கே பிறக்கிறது. அதற்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

குறைகள்

கேமரா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை, அண்மைக்காட்சியும் இல்லை. ஓடிய சிறுவனைப் பார்வையாளருக்குத் தெரியும்படி முன்னால் இழுத்து வந்துதான் அடிக்க வேண்டியிருக்கிறது. பாத்திரங்களுக்குத் தனிக் குணம் கிடையாது. இந்த வேடிக்கையும் புதிதன்று. அச்சில் வந்த கேலிச்சித்திரங்களில் முன்பே இருந்தது.

திருச்சிராப்பள்ளியில் மௌனப்படம்

1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும், இயேசுவின் வாழ்க்கை குறித்த படம் உள்ளிட்ட சுருள்களையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். பெஷாவர், லாகூர் வரை அவர் செல்ல முடிந்ததற்குப் படங்கள் பேசாமல் இருந்ததும் ஒரு காரணம்.

பேசாமையே குறையாகவும் இருந்தது. தமிழர் அறிந்த கலைகளில் அசைவும் குரலும் இணைந்தே வரும். திருவரங்கம் கோயிலின் அரையர் சேவையில் அரையர் பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, பொருளும் சொல்வார். குழாய் வேடிக்கைக்கு விளக்கம் வேண்டியதில்லை. நீண்ட கதைப்படங்களுக்கு வேண்டியிருந்தது. எனவே திரையருகே ஒருவர் நின்று கதை சொல்லும் வழக்கம் தமிழகத்தில் உருவானது. 1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்து பேசும்படக் காலம் தொடங்கியபின் அந்தக் கதைசொல்லிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரே சுருளை எம்மொழியினருக்கும் காட்டலாம் என்ற வசதியும் அத்துடன் குறைந்தது.